டவுன்லோடு என்றாலே மூடிக்கொண்ட பிரவுசர்: என் அனுபவம்

மூன்று நாள் ஒரே தொல்லை. எந்தக் கோப்பை டவுன்லோடு செய்யப் போனாலும் பிரவுசர் ஒரு நொடி உறைந்து, அப்படியே காணாமல் போய்விடும். பிழைச் செய்திகூட வராது.

கேஷ், குக்கீ எல்லாம் அழித்தேன். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். புது ப்ரொஃபைல் உருவாக்கினேன். கடைசியில் பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ம்ஹூம்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. மின்னஞ்சலில் கோப்பை இணைக்கப் போனபோதும் அதே கதை. இணைப்பது டவுன்லோடே இல்லையே! இரண்டுக்கும் பொதுவானது, கோப்பைத் தேர்வு செய்யத் திறக்கும் அந்தப் பெட்டி மட்டும்தான். எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் அமைப்பை அணைத்துப் பார்த்தேன். பெட்டி வரவில்லை, கோப்பு சமர்த்தாக இறங்கியது.

அந்தப் பெட்டி விண்டோஸுடையது. அது திறக்கும்போது, மற்ற மென்பொருள்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்குள் செருகி வைத்திருக்கும் ஷெல் எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணை நிரல்களும் கூடவே ஏறிக்கொள்ளும். அதில் ஒன்று சரிந்தால் பிரவுசரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். சரி, யார் அந்த ஆள்? விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், பிரவுசர் மூடிய அதே நிமிடத்துச் சிவப்புக் குறிப் பதிவைத் திறந்தேன். 'ஃபால்டிங் மாட்யூல் நேம்' (பிழை நேர்ந்த பகுதியின் பெயர்) என்ற வரியில் இருந்தது, எப்போதோ நிறுவி மறந்தே போன ஒரு கோப்பு ஒத்திசைவு மென்பொருளின் டிஎல்எல், அதாவது அதன் நிரல் கோப்பு.

அந்த மென்பொருளை நீக்கினேன், கணினியை ரீஸ்டார்ட் செய்தேன், அணைத்த அமைப்பை மறுபடி போட்டேன். பெட்டி திறந்தது. பிரவுசர் மூடிக்கொள்ளவில்லை.