வெளிநாட்டில் வீடு பிடிக்கக் கையில் எவ்வளவு வேண்டும்? தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே மாச வாடகை எவ்வளவு?" என்பதுதான். அதை இரண்டாவதாகக் கேளுங்கள். சாவி கைக்கு வருவதற்குள் மொத்தமாக எவ்வளவு எண்ணி வைக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. நல்ல சம்பளத்தில் போனவர்கூட முதல் மாதத்திலேயே வீட்டுக்குப் போன் போட்டு, நகையை வைத்தாவது பணம் அனுப்பச் சொல்வது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க முடியாது. ஓசூர் பக்கம் பெங்களூர் வழக்கம் ஒட்டிக்கொண்டு அட்வான்ஸ் பெரிதாக இருக்கும், வாடகை மாதாமாதம் போகும். துபாயில் அட்வான்ஸ் சிறியது. வாடகையைத்தான் கொத்தாக முன்கூட்டியே கேட்பார்கள். போக்கியம் போட்டு வாடகையில்லாமல் இருக்கும் ஏற்பாடு இரண்டு ஊரிலும் கிடையாது. ஊரிலுள்ள வீட்டை வாடகைக்கு விட்டு அங்கே கட்டிவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். இங்கே 10,000 ரூபாய் வாடகை வந்தால், திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அங்கே 417 திர்ஹம். துபாயில் ஒரு பெட் ஸ்பேசுக்கே (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் இடம்) அது காணாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

வேலைக் கடிதத்தில் தங்குமிடம் பற்றிய வரியைத் தேடுங்கள். கம்பெனியே இடம் தருகிறதா, சம்பளத்தோடு வீட்டுப்படி தருகிறதா, அல்லது "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையா? படி தருவதாக இருந்தால் அதை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ முன்பணமாகத் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வளைகுடாவில் இது பல கம்பெனிகளில் உள்ள வழக்கம்தான், கேட்காதவருக்குக் கிடைக்காது. முதல் இரண்டு வாரம் ஹோட்டலோ கெஸ்ட் ஹவுஸோ தருவார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் திருமணப் பதிவுச் சான்றிதழ் இப்போதே கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டதோடு விட்டவர்கள் கிராமங்களில் நிறைய உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வாரக்கணக்கில் ஆகும். துபாயில் விசாவுக்கு மட்டும் அல்ல, "ஃபேமிலி ஒன்லி" கட்டடத்தில் வீடு கேட்கும்போதும் இந்தக் காகிதம் தேவைப்படும்.

துபாய்: செக் புத்தகம் இல்லாமல் வீடு இல்லை

அங்கே வாடகை வருடக் கணக்கில் சொல்லப்படும். 60,000 என்றால் அது வருடத்துக்கு 60,000 திர்ஹம். அதை 1, 2, 4, 6 அல்லது 12 செக்குகளாகப் பின்தேதி போட்டு, ஒப்பந்தத்தின் அன்றே எல்லாச் செக்குகளையும் கொடுத்துவிட வேண்டும். செக் குறையக் குறைய வாடகையைக் குறைத்துக் கேட்கலாம்.

புதிதாகப் போகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். செக் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும்; கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி வேண்டும்; அதற்கு விசா நடைமுறை முடிய வேண்டும். எனவே இறங்கிய வாரமே வருட ஒப்பந்தம் போடலாம் என்று திட்டமிடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு மாதம் மாத வாடகை அறையிலோ பெட் ஸ்பேசிலோ இருந்துகொண்டு தேடுங்கள். பலகை அடித்துத் தடுத்த "பார்ட்டிஷன்" அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அனுமதியில்லாத தடுப்பு சட்டவிரோதம். 2025-இல் துபாய் நகராட்சி இறங்கிச் சோதனை போட்டபோது அப்படிப்பட்ட அறைகளில் இருந்தவர்கள் திடீரென்று இடம் தேட வேண்டி வந்தது.

60,000 திர்ஹம் வீட்டை 4 செக்கில் எடுப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

முதல் செக்: 15,000
டெபாசிட், சாமான் இல்லாத வீட்டுக்கு வழக்கமாக 5 சதவீதம்: 3,000 (சாமானோடு என்றால் 10 சதவீதம்)
ஏஜெண்ட் கமிஷன் 5 சதவீதம், அதன்மேல் 5 சதவீத வரி: 3,150
கரண்ட், தண்ணீருக்கு தேவா (துபாய் மின்சார, குடிநீர் வாரியம்) டெபாசிட்: 2,000 (தனி வில்லா என்றால் 4,000)
இஜாரி பதிவு (வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவது): சுமார் 220

மொத்தம் 23,370 திர்ஹம். 24 ரூபாய் வீதம் ஐந்து லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். மாதத்துக்கு ஐயாயிரம் திர்ஹம் என்று கேட்டு, ஒன்றேகால் லட்சத்தோடு விமானம் ஏறியவர் நிலையை நினைத்துப் பாருங்கள். இதில் கட்டில், ஃபிரிட்ஜ், அடுப்பு எதுவும் சேரவில்லை.

மாதச் செலவிலும் ஒளிந்திருப்பவை உண்டு. வருட வாடகையில் 5 சதவீதத்தை வீட்டு வரியாக 12 பங்கு போட்டு தேவா பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். 60,000 வாடகைக்கு அது மாதம் 250 திர்ஹம். முதல் பில் பார்த்து மீட்டர் கோளாறு என்று சண்டை போட வேண்டாம். அடுத்தது ஏசி. "சில்லர் ஃப்ரீ" என்று போட்டிருந்தால் குளிரூட்டும் செலவு வாடகையில் அடக்கம். இல்லாவிட்டால் தனிக் கம்பெனி, தனி டெபாசிட், தனி பில். ஜூலை, ஆகஸ்டில் அது கனமாக வரும். வீடு பார்க்கும்போதே பழைய பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் உரிமைப் பத்திர நகலும் உரிமையாளரின் பாஸ்போர்ட் நகலும் கேளுங்கள். உரிமையாளருக்குப் பதில் வேறொருவர் கையெழுத்துப் போட்டால் அவரிடம் அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். செக், உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயருக்குத்தான் எழுதப்பட வேண்டும், ஏஜெண்ட்டின் சொந்தப் பெயருக்கு அல்ல. ஏஜெண்ட்டின் உரிமத்தை துபாய் நிலத் துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் சரிபார்க்கலாம். "நம்ம ஊர்க்காரர்தான்" என்பது உரிமம் ஆகாது.

ஒப்பந்தம் முடிந்ததும் இஜாரி பதிவு. இது இல்லாமல் கரண்ட் இணைப்பு வராது, மனைவி குழந்தைகளுக்கு விசா எடுப்பதும் நடக்காது. பெட் ஸ்பேசில் இருப்பவர் பெயரில் இஜாரி கிடைக்காது. ஆகவே குடும்பத்தை அழைக்கும் மாதத்தை முடிவு செய்வதே இந்தப் பதிவுதான். கூட இருப்பவர்களின் பெயர்களையும் துபாய் ரெஸ்ட்டில் சேர்க்க வேண்டும்.

வேலை போனால் என்ன என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். வருட ஒப்பந்தத்தை நடுவில் உடைக்கச் சட்டம் தானாக வழி விடுவதில்லை. இரண்டு மாத முன்னறிவிப்பு, இரண்டு மாத வாடகை அபராதம் என்ற ஷரத்தைப் பலர் ஒத்துக்கொள்வார்கள். அது இல்லையென்றால் மிச்சச் செக்குகள் உரிமையாளர் கையில் இருக்கும், பேச்சும் அவர் கையில் இருக்கும்.

வாடகை உயர்வுக்கு வரம்பு உண்டு. 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணைப்படி, உங்கள் வாடகை சந்தை சராசரியைவிட 10 சதவீதத்துக்குள் குறைவாக இருந்தால் உயர்வே கிடையாது. 11 முதல் 20 சதவீதம் குறைவு என்றால் அதிகபட்சம் 5 சதவீதம் கூட்டலாம். 21–30 என்றால் 10. 31–40 என்றால் 15. அதற்கும் மேல் என்றால் 20. சராசரி எது என்பதை நிலத் துறையின் வாடகைக் குறியீட்டில் கட்டடத்தின் விவரம் கொடுத்துப் பார்க்கலாம். உயர்வை 90 நாள் முன்பே சொல்ல வேண்டும். வீட்டை விற்கிறேன், நானே குடிவருகிறேன் என்று காலி செய்யச் சொன்னால் நோட்டரி அல்லது பதிவுத் தபால் வழியாக 12 மாத அவகாசம் தர வேண்டும். வாட்ஸ்அப் செய்தி செல்லாது.

ஷார்ஜாவில் வாடகை குறைவுதான். துபாயில் வேலை என்றால் போக்குவரத்து நெரிசலையும் சாலிக் என்ற சாலைச் சுங்கத்தையும் கூட்டிப் பாருங்கள். 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஒரு வாயிலுக்கு 6 திர்ஹம், நள்ளிரவு 1 முதல் காலை 6 மணி தவிர மற்ற நேரத்தில் 4. கார் வைத்திருப்பவருக்கு மிச்சம் பாதியாகிவிடும். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டால் ஷார்ஜா லாபம்தான்.

சிங்கப்பூர்

கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளுக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்குத் தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு; அவர்கள் வீடு தேட வேண்டியதில்லை. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் (நடுத்தர, உயர் திறன் வேலைகளுக்கான அனுமதி) உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

பெரும்பாலோர் எடுப்பது ஹெச்.டி.பி. (அரசு வீட்டுவசதி வாரியம்) அடுக்ககத்தில் ஓர் அறை. அங்கே "3-ரூம்" வீடு என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். கூடத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஹெச்.டி.பி.யில் 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, தனியார் அடுக்ககத்தில் 3 மாதம். ஒரு மாதத்துக்கு மட்டும் தருகிறேன் என்று வருகிற அறிவிப்பில் ஏதோ ஒன்று சரியில்லை. உங்கள் பாஸிலும் குறைந்தது 6 மாதச் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். உரிமையாளர் ஹெச்.டி.பி.யிடம் அனுமதி பெற்றாரா என்று கேட்டு, ஒப்புதலைப் பார்த்துவிடுங்கள். அனுமதியில்லாத வீடு பிடிபட்டால் நடுவழியில் நிற்பது நீங்கள்தான்.

1,000 டாலர் அறையை ஒரு வருடத்துக்கு எடுத்தால்: முதல் மாத வாடகை 1,000, டெபாசிட் ஒரு மாதம் 1,000, முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதாவது 12,000-க்கு 48. ஏஜெண்ட் வைத்திருந்தால் வழக்கப்படி அரை மாதம் 500. ஆக 2,548 டாலர், 70 ரூபாய் வீதம் சுமார் 1.78 லட்சம். முழு வீட்டை 3,000 டாலருக்கு இரண்டு வருடம் எடுத்தால் டெபாசிட் இரண்டு மாதம். முதல் மாதம், டெபாசிட், 288 டாலர் தீர்வை எல்லாம் சேர்த்து ஏஜெண்ட் இல்லாமலே 9,288. ஆறரை லட்சம் ரூபாய்.

தீர்வையைக் கட்டுவது குடித்தனக்காரர். சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் வருமான வரித் துறை இணையதளத்தில் கட்ட வேண்டும். "சும்மா விடுங்க, யாரும் கேட்கமாட்டாங்க" என்பார்கள். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நாளைக்கு டெபாசிட் தகராறில் ஆதாரமாகக் காட்ட முடியாது. நாற்பத்தெட்டு டாலருக்கு ஆயிரம் டாலரை இழக்காதீர்கள்.

இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் "டிப்ளமேட்டிக் கிளாஸ்" கட்டாயம் இருக்கட்டும். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, 12 மாதம் முடிந்தபின் 2 மாத முன்னறிவிப்போடு வெளியேற அது வழி கொடுக்கும். இதைத் தவிர, சின்னப் பழுதில் முதல் எத்தனை டாலர் உங்கள் பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏசி சர்வீஸ் யார் செலவு, ஏசி இரவில் மட்டும்தானா என்பதையும் படித்துப் பாருங்கள்.

சமையலைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். "நோ குக்கிங்", "லைட் குக்கிங்" என்ற நிபந்தனைகள் அங்கே சாதாரணம். லைட் குக்கிங் என்றால் சில வீடுகளில் நூடுல்ஸ் கொதிக்க வைப்பது மட்டும்தான். தாளிப்பு வாசனைக்கே முகம் சுளிப்பவர் வீட்டில், களி கிண்டிக் கொள்ளு ரசம் வைப்பது எந்த வகை என்று குடிவந்தபின் வாதாடிப் பயனில்லை. வெளியில் சாப்பிடும் செலவையும் சேர்த்தால் மலிவு அறை மலிவாக இருக்காது.

ஏஜெண்ட்டின் போன் எண்ணை சி.இ.ஏ. (வீட்டு ஏஜெண்ட்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். பெயர் வராவிட்டால் விலகிவிடுங்கள். ஹெச்.டி.பி. வாடகையில் ஏஜெண்ட் டெபாசிட்டையோ வாடகையையோ தன் கையில் வாங்குவதே விதிமீறல். பேரம் பேசுவதற்கு முன், அந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு போகிறது என்று ஹெச்.டி.பி. தளத்தில் பாருங்கள். உட்லண்ட்ஸ், யீஷூன், ஜூரோங் என்று ஊர்வாரியாக நடுத்தர வாடகை அதில் இருக்கும்.

ஜெர்மனி, இங்கிலாந்து: இரண்டு வார்த்தை

ஜெர்மனியில் "கால்ட்மீட்ட" என்பது வெறும் வாடகை, "வார்ம்மீட்ட" என்பது ஹீட்டர், தண்ணீர் முதலியவை சேர்ந்தது. இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது வார்ம்மீட்டவைப் பாருங்கள். டெபாசிட் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் குழாயும்தான். அடுப்பு, மேடை, அலமாரி எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும். இங்கிலாந்தில் வருட வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது, வாங்கிய 30 நாளுக்குள் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) வாடகையில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவி தபாலில் வரும்" என்பவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு. வரவே வராது.

ஊரிலிருந்து பணம் அனுப்புவது

கிளம்பும்போது நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் எடுத்துச் செல்லலாம். மீதி ஃபாரெக்ஸ் கார்டில். பிறகு பெற்றோர் அனுப்புவதானால் வங்கியில் ஏ2 படிவமும் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்) பான் எண்ணும் வேண்டும். நம் மாவட்டங்களில் பல சிறிய கிளைகளில் அன்னியச் செலாவணிப் பிரிவு இருக்காது, படிவம் வேறு கிளைக்குப் போய் வரும். அவசரத்துக்கு அன்றைக்கே போகும் என்று நம்பாமல், ஒரு வாரம் முன்பே கிளையில் விசாரித்து வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடித்தம் இல்லை. உங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் கணக்கு) மாற்றுவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

டெபாசிட் திரும்ப வர

குடிபோகும் அன்றே சுவர், தரை, குளியலறை, ஏசி, மீட்டர் எண் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியோடு கூடிய அந்த மின்னஞ்சல்தான் பிறகு சாட்சி. ஏற்கெனவே உள்ள கீறல்களைப் பொருள் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்வது நியாயமில்லை. ஆணி அடித்த துளைக்குப் பிடிப்பார்கள்.

காலி செய்யும்போது துபாயில் தேவா கடைசி பில்லைக் கட்டி டெபாசிட்டை வாங்குங்கள், பின்னர் இஜாரியை ரத்து செய்யுங்கள். ரத்து செய்யாவிட்டால் அந்த வீடு உங்கள் பெயரிலேயே நிற்கும். சிங்கப்பூரில் கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் ஒப்பமாட்டார்கள், ஒப்பந்தத்திலும் அது மறுக்கப்பட்டிருக்கும். நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள் அங்குள்ள வங்கிக் கணக்கை டெபாசிட் வந்து சேரும்வரை மூட வேண்டாம். விமானம் ஏறியபின் வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் இழுத்தடிப்புக்கு அதுவே சாக்காகிவிடும்.