துணிப்பை வாங்கினால் மட்டும் போதுமா? பசுமைப் பொருட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் வாழ வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தவுடன், பெரும்பாலும் பருப்பும் மிளகாயும் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள்தாம் முதலில் காயலான் கடைக்குப் போகின்றன. அவற்றின் இடத்தில் புதிய கண்ணாடிக் குப்பிகளும் மூங்கில் மூடிகளும் வந்து அமர்கின்றன. சமையலறை அழகாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த டப்பாக்களைச் செய்வதற்கான கச்சா எண்ணெயும் மின்சாரமும் என்றோ செலவாகிவிட்டன. இன்னும் பத்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்குவது அந்தச் செலவை இரட்டிப்பாக்குகிறது. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது என்பது வேறு விஷயம். உலர்ந்த பருப்புக்கு அந்தப் பழைய டப்பாவே போதும்.

துணிப்பையிலும் இதே தவறுதான் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு போவது பட்டிக்காட்டுத்தனம் என்று கேலி செய்த காலம் ஒன்று இருந்ததால், இந்த மாற்றம் சிறியதன்று. ஆயினும் இன்று பல வீடுகளில் கல்யாணத் தாம்பூலப் பைகள், நகைக்கடைப் பைகள், ஜவுளிக்கடைப் பைகள் என்று நாற்பது ஐம்பது பைகள் அலமாரியில் மடிந்து கிடக்க, கடைக்குப் போகும்போது ஒன்றையும் எடுத்துச் செல்லாமல் அங்கே இன்னொன்றை வாங்கி வருகிறோம். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நிறையத் தேவை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகக் காரணமாக வேண்டுமென்றால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை காய்கறி வாங்கப் போகிறவருக்கு இது இரண்டரை ஆண்டுக் கணக்கு. மாட்டின் வயிற்றிலும் மழைநீர் வடிகாலிலும் சேரும் பிளாஸ்டிக்கால் வரும் கேடு இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதால், பிளாஸ்டிக் பையே மேல் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். இருக்கிற பையை வண்டிப் பெட்டியிலோ கைப்பையிலோ நிரந்தரமாகப் போட்டு வைத்து, கிழிந்தால் தைத்து, பிறகு கரித்துணியாகும் வரை பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் பொருள்.

பார்ப்பதற்குத் துணிபோலவே இருக்கும் ஒருவகைப் பையும் இதற்குள் புகுந்துவிட்டது. நூலால் நெய்யப்படாமல், பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிச் செய்யப்படும் அது முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். மேற்சொன்ன 14 பொருட்களில் அதுவும் ஒன்று. ஓர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக நூல் வராமல் பஞ்சுபோலப் பிய்ந்து வருவதைக் கொண்டு அடையாளம் காணலாம்.

காகிதக் கோப்பையும் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது. வெறும் காகிதம் தேநீரைத் தாங்காது என்பதால் அதன் உட்புறத்தில் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் சோதித்தபோது, இத்தகைய கோப்பையில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்ததும் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. கண்ணாடித் தம்ளரில் தரும் டீக்கடையை இந்த வகையில் பழைமை என்று ஒதுக்க முடியாது.

‘மக்கும் பை’ என்று அச்சிட்ட கவர்களை வாங்குவோர், அது எங்கே, எந்தச் சூட்டில் மக்கும் என்று கேட்பதில்லை. தாவர மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. போன்ற பிளாஸ்டிக் வகைகள் சிதைய ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் பல வாரங்களுக்கு நீடிக்க வேண்டும். பெரிய உர ஆலைகளில் இது கிடைக்கும், மொட்டைமாடித் தொட்டியில் கிடைக்காது. ஆகவே அந்தக் கவரோடு சேர்த்துக் காய்கறித் தோலை உரத்தொட்டியில் போட்டால், தோல் உரமான பிறகும் கவர் அப்படியே கிடக்கும். உரத்தொட்டி நாறுகிறது என்று கைவிடுகிறவர்கள் செய்யும் தவறு வேறு: ஈரக் கழிவை மட்டுமே கொட்டிக்கொண்டு, காய்ந்த சருகையோ தென்னை நார்க்கழிவையோ சேர்க்காமலும் கிளறாமலும் விட்டுவிடுகிறார்கள். காற்றில்லாமல் அழுகுவதால்தான் அந்த நாற்றம். ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை சருகைத் தூவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பசுமை, இயற்கை, நூறு சதவீதம் பாதுகாப்பானது என்ற சொற்களை அட்டையில் யாரும் அச்சிடலாம் என்ற நிலை இருந்தது. உரிய ஆதாரம் இல்லாமல் இப்படிச் சொல்வதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களுக்கென்று 1991-இல் மண்பானைச் சின்னத்தோடு அரசு தொடங்கிய ‘ஈகோமார்க்’ முத்திரையும் நம் நாட்டில் உண்டு. அட்டையில் பச்சை இலைப் படத்தைத் தேடுகிற கண்கள் அதைத் தேடுவதில்லை.

துப்புரவுப் பொருட்களில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நம்புகிறார்கள். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு வெளியேறியபின் எஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர் போன்ற ஒன்றுதான். இரண்டையும் தனித்தனியே பயன்படுத்தினால் பலன் உண்டு. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்க வைக்கும் பயோ என்சைம் என்ற துப்புரவுத் திரவத்தை, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றுப் போக்காமல் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி வைத்தால் அது வெடிக்கக்கூடும். அதுவும் அமிலமே என்பதால் பளிங்குத் தரையிலும், சுண்ணாம்புப் பாறையான கடப்பைக் கல் மேடையிலும் ஊற்றினால் மெருகு போய்விடும். பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், மீன்களுக்கும் அது நஞ்சு. எனவே தொட்டியில் மீன் வளர்ப்போர் கவனமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வினிகர், எலுமிச்சைச் சாறு, பயோ என்சைம் ஆகிய எதையும் பிளீச்சிங் பவுடர் போட்ட கழிவறையில் ஊற்றக் கூடாது. அமிலம் பட்டவுடன் அதிலிருந்து குளோரின் வாயு வெளிப்படும், சன்னல் இல்லாத சிறிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்து முடிப்போம் என்று நிற்காமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.