ஒன்பது பேர் வாசித்தும் ஏன் நிறையவில்லை? சோல், ப்ளூஸ்-ராக் பேண்ட் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நாங்கள் ரிஹர்சல் எடுக்கும் அறையில், எங்களுக்கு முந்தைய நேரத்தில் ஒரு புதுப் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. கல்லூரி முடித்த பிள்ளைகள், மொத்தம் ஒன்பது பேர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான சோலும், ப்ளூஸ்-ராக்கும் கலந்து வாசிக்க ஆசை. வெளியே உட்கார்ந்து கேட்ட எனக்கு அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் நாங்கள் செய்த தவறுகளை ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு வந்த கிடார் பையன் கேட்டான்: "அண்ணா, இன்னும் ஒரு சாக்ஸஃபோன் சேர்த்தா சவுண்ட் ஃபுல்லா வந்துடும்ல?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ட்யூன் பண்ணிவிட்டு வாசி, நேரத்துக்கு வா என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் பேஸ் கிடார் வாசிக்கிறவன். என் காதுக்கு முதலில் விழுவதையே சொல்கிறேன்.

டிரம்ஸும் பேஸும் ஒட்டாததை ஆள் சேர்த்து மூடுவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

நாங்கள் தொடங்கியபோது ஐந்து பேர். வாசித்தால் ஏதோ காலியாகக் கேட்டது. ஏன் என்று உட்கார்ந்து பார்க்காமல் ட்ரம்பெட், டெனர் சாக்ஸ், ட்ரோம்போன் என்று மூன்று பேரைக் கூட்டி வந்தோம். அப்போதும் நிறையவில்லை. கூடப் பாட இரண்டு பேரைச் சேர்த்தோம். அப்புறம் ஸ்டூடியோவில் இரண்டு நாள் எடுத்து நான்கு பாட்டுப் பதிவு செய்தோம். இரண்டாம் நாள் மாலை இன்ஜினியர் ஒன்றும் பேசாமல் எல்லா டிராக்கையும் அணைத்துவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் ஓட விட்டார். எட்டு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) போதுமாக இருந்தது. எங்கள் டிரம்மர் ராக் வாசித்து வளர்ந்தவர், ஸ்னேர் டிரம்மை அடிக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே போடுவார். நான் பழைய ப்ளூஸ் கேட்டு வளர்ந்தவன், கொஞ்சம் பின்னால் சாய்ந்து வாசிப்பேன். இந்த இரண்டுக்கும் நடுவே ட்ரம்பெட் அவரோடு ஓடியிருந்தது, ட்ரோம்போன் என்னோடு நின்றிருந்தது. அந்த மூன்று பேர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஸ்டூடியோ வாடகை, அவர்கள் சம்பளம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய், ஒரு பாட்டுகூட வெளியிடும்படி இல்லை. பணத்தைவிட எனக்கு வலித்தது, ட்ரோம்போன் வாசித்தவர் கிளம்பும்போது சொன்னது: "உங்க பாட்டுல எனக்கு நிக்க இடமே இல்ல தம்பி." அதற்கப்புறம் அவர் வரவில்லை.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியைப் பாருங்கள். பழைய சினிமா தியேட்டர் ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார்கள். 1960களில் ஓட்டிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ் என்று அங்கே பாடிய பெரிய குரல்களுக்குப் பின்னால் இருந்தது புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் என்ற நால்வர் குழு. ஆர்கனில் புக்கர் டி. ஜோன்ஸ், கிடாரில் ஸ்டீவ் கிராப்பர், டிரம்ஸில் ஆல் ஜாக்சன், பேஸில் முதலில் லூயி ஸ்டைன்பெர்க், பிறகு டக் டன். 1962இல் அவர்களுடைய முதல் ஹிட் வந்தபோது புக்கர் டி.க்கு வயது 17. ட்ரம்பெட், சாக்ஸ் போன்ற ஹார்ன்ஸ் வேண்டிய இடத்தில் வரும், ஆனால் பாட்டு இந்த நால்வர் மேல்தான் நிற்கும்.

1965இல் பாடகர் வில்சன் பிக்கெட் அங்கே வந்து 'இன் தி மிட்நைட் ஹவர்' பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் கன்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வந்து, அப்போது பிரபலமாக இருந்த ஜெர்க் என்ற நடனத்தை ஆடிக் காட்டினார். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் எங்கே விழ வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஆட்டம். கிராப்பரும் ஜாக்சனும் அந்த அடிகளைக் கொஞ்சமே கொஞ்சம் தாமதித்துப் போட்டார்கள். இருவரும் ஒரே அளவுக்குத் தாமதித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: காலப்பிரமாணம் அசையாமல் நின்றால்தான் தள்ளி எடுப்பது அழகு, அசைந்துவிட்டால் அது வெறும் இழுவை.

சரி, என்ன செய்வது? மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். டிரம்மர் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) மூன்றை மட்டும் தொடட்டும், இடைவெளியை நிரப்பும் ஃபில் ஒன்றுகூட வேண்டாம். தாளம் காட்டும் மெட்ரோனோமை 2, 4 அடிகளில் மட்டும் ஒலிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் இரண்டு பார் பேஸ் வரி ஒன்றை 20 நிமிடம் மாற்றாமல் வாசியுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். பேஸ் சுரம் எங்கே தொடங்குகிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள், நீங்கள் அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஸ்னேர் விழுகிற கணத்தில் பேஸ்காரரின் இடது கை விரல் கம்பியை விட்டு லேசாக எழும்பி, சுரம் அங்கேயே அறுபட வேண்டும். அறுபட்டால் ஸ்னேர் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும். சத்தம் கூட்டாமலே நிறைவது அப்படித்தான். எங்களுக்கு இது கைவர நாலு மாதம் ஆனது, அதுவரை ஹார்ன்ஸ் பக்கமே போகவில்லை.

பெரிய பேண்டைப் பார்த்து ஆள் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வது

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்டில் 11 பேர் இல்லையா?" அந்த அமெரிக்க ப்ளூஸ்-ராக் பேண்டில் இருந்தார்கள், இரண்டு டிரம்மர் வேறு. ஆனால் அது 2010இல் எப்படி உருவானது என்று பாருங்கள். சூசன் டெடெஸ்கியும் டெரெக் ட்ரக்ஸும் கணவன் மனைவி, ஆளுக்கொரு பேண்டைப் பல வருடம் ஊர் ஊராக நடத்தியவர்கள். அப்போது பேஸில் ஓட்டீல் பர்பிரிட்ஜ், கீபோர்டிலும் புல்லாங்குழலிலும் அவருடைய அண்ணன் கோஃபி. ஓட்டீலும் டெரெக்கும் ஆல்மன் பிரதர்ஸ் பேண்டில் சேர்ந்து வாசித்தவர்கள், அங்கே 1969இல் தொடங்கியபோதே இரண்டு டிரம்மர். இத்தனை வருடப் பழக்கம் அடியில் இருந்ததால்தான் 2011இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கே கிராமி கிடைத்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு 11 என்ற எண்ணை மட்டும் எடுத்து வந்தால் கிடைப்பது கூட்டம்தான்.

ஹார்ன்காரர்களிடம் கேட்காமல் ஸ்ருதி முடிவு செய்வது

கிடாருக்கு ஈ (E) ஸ்ருதி சுகம், விரல் வைக்காமல் ஒலிக்கும் திறந்த கம்பிகள் இருக்கின்றன. ஆனால் ஹார்ன்ஸுக்கு எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு. பேண்ட் ஈயில் வாசித்தால் ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸும் எஃப் ஷார்ப்பில் வாசிக்க வேண்டும், ஆறு ஷார்ப். ஆல்டோ சாக்ஸுக்கு சி ஷார்ப், ஏழு ஷார்ப். அனுபவசாலிகள் சமாளிப்பார்கள். உங்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டிருக்கும் நண்பர் தடுமாறுவார், நீங்கள் அவருக்கு ஸ்ருதி ஞானம் இல்லை என்பீர்கள். அது அநியாயம். கிடாரையும் பேஸையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்யுங்கள். ஹெண்ட்ரிக்ஸ், ஸ்டீவி ரே வான் போன்ற பெரிய கிடார்காரர்களும் அப்படித்தான் வாசித்தார்கள். அதே ஈ பிடிகள் ஈ ஃப்ளாட்டாக ஒலிக்கும், ட்ரம்பெட்டுக்கு எஃப், ஆல்டோவுக்கு சி.

லெஸ்லியை எப்போதும் வேகத்தில் சுழல விடுவது

லெஸ்லி என்பது ஆர்கனின் ஒலியைச் சுழற்றித் தரும் ஸ்பீக்கர் பெட்டி. ஹேமண்ட் ஆர்கனின் உயிர் அது மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறும் அந்த ஓரிரு விநாடிகளில் இருக்கிறது. எப்போதும் வேகம் என்றால் ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

பேஸில் பளபளக்கும் புதுக் கம்பி

ஃப்ளாட்வூண்ட் (மேலே தட்டைக் கம்பி சுற்றியது) போடுங்கள், போட்டதை மாற்றாதீர்கள்.

கிடார் ஆம்பை டிரம்ஸோடு போட்டிக்கு நிறுத்துவது

வேண்டாம்.

பாடுகிறவர் மூச்சு விடும் முன்பே கிடார் நுழைவது

ப்ளூஸ்-ராக் பக்கமிருந்து வருகிற கிடார்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரு வரி பாடி முடிவதற்குள் கை துறுதுறுத்து ஒரு லிக், அதாவது குட்டிச் சுரத்துணுக்கு, போட்டுவிடுவார்கள். கிராப்பர் வாசித்ததைக் கவனித்துக் கேளுங்கள். ஓட்டிஸ் ஒரு சொல்லை இழுத்து விட்டு முடித்த பிறகு, அந்த இடைவெளியில் இரண்டு மூன்று சுரம், அவ்வளவுதான். அடுத்த வரிக்கு முன்பே ஒதுங்கிவிடுவார்.

நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்று: கிடார்காரரைப் பாட்டு வரிகள் முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், வாசிக்கும்போது மைக் இல்லாமல் வாய்க்குள்ளேயே பாடச் சொல்லுங்கள். வாய் ஓடும்போது கை தானாக அடங்கும். அந்தப் பையனிடமும் இதைச் சொல்லி அனுப்பினேன், சாக்ஸ் பற்றி இப்போதைக்கு யோசிக்காதே என்பதோடு சேர்த்து. இந்த வாரம் அதே அறையில் டிரம்ஸும் பேஸும் மட்டும் இருந்தன. மற்ற ஏழு பேரும் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.