போலி ஆவணப்படத்துக்கு நாட்டுப்பாட்டு எழுதுவது எப்படி?

கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கிய 'எ மைட்டி விண்ட்' (2003) பார்த்துவிட்டு, இப்படி ஒரு பாட்டு நாமும் எழுதலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது. 1960களின் அமெரிக்க நாட்டுப்பாடல் அலையில் வந்த குழுக்கள், பல வருடம் கழித்து நியூயார்க்கின் டவுன் ஹாலில் ஒன்றுகூடிப் பாடுகிற கதை. நிஜ ஆவணப்படம் போலவே எடுத்த நகைச்சுவைப் படம்தான். ஆனால் பாட்டுகள் நிஜமாகவே நல்ல பாட்டுகள். தலைப்புப் பாட்டு கிராமி விருதே வாங்கியது.

முதலில் பாடப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். மூன்று ஆண்களா, காதல் ஜோடியா, சிரித்த முகத்தோடு ஒன்பது பேரா? ஆள் தெரிந்தால்தான் பாட்டு வரும்.

அடுத்தது மெட்டு. ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) போதும். பல்லவியை முதலில் எழுதுங்கள். இரண்டாவது முறை வரும்போது கேட்கிறவர் கூடப் பாட வேண்டும். பாடவில்லையென்றால் மெட்டை மாற்றுங்கள்.

இனி சிரிப்பு. இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். வரிக்கு வரி ஜோக் வைத்தால் பாட்டு செத்துவிடும். அந்தக் காலப் பாடகர்களுக்குப் பிடித்த ரயில் பாட்டையே எடுத்துக்கொள்வோம்:

மூணு நாளாய் நடந்து வந்தேன் ரயிலைத் தேடி
நாலாம் நாள் சொன்னாங்க, ஊரில் தண்டவாளமே இல்லை

முதல் வரியில் ஏக்கம் மட்டும்தான். இரண்டாம் வரியையும் அதே ஏக்கத்தோடு பாட வேண்டும். பாடுகிறவர் கண்ணடித்தால் போச்சு.

கதையின் முடிச்சைப் பாட்டுக்குள் போட முடிந்தால் இன்னும் நல்லது. இந்தப் படத்தில் பிரிந்துபோன ஜோடி மிட்ச், மிக்கி. அவர்களுடைய பழைய காதல் பாட்டில் முத்தமிடும் இடம் ஒன்று உண்டு. இப்போது மேடையில் அந்த இடம் நெருங்கும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. நான் எத்தனை முறை பார்த்தாலும் அங்கே தொண்டை அடைக்கும். ஆஸ்கருக்குப் பரிந்துரையான பாட்டு அது. 2004 விழா மேடையில், அந்த ஜோடியாக நடித்த யூஜின் லெவியும் கேத்தரின் ஓஹாராவும் அதே பாத்திரங்களாகவே வந்து பாடினார்கள்.

கருவிகளை நடிகர்களே வாசிக்கட்டும். படத்தில் ஓஹாரா கையில் இருப்பது ஆட்டோஹார்ப் என்ற கம்பிக்கருவி. ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்கடியிலுள்ள கம்பளித்துண்டு வேண்டாத கம்பிகளை அமுக்கிவிடும், கார்டுக்குரியவை மட்டும் ஒலிக்கும். புதியவர்களுக்கு வசதியான கருவி.

சரி, படம்பிடிக்கும் நாளில் வாயசைப்பு வேண்டாம். நேரடியாகப் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள். விரல் கம்பியில் உரசும் சத்தம், வரிக்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாம் அப்படியே இருக்கட்டும்.