த்ரீ போடச் சொல்வதற்கு முன்னால் டேப்பை எடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பள்ளி டீமுக்கு சிமென்ட் கோர்ட்டில் கூடைப்பந்து பயிற்சி கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வேலை, கோட்டை அளந்து பாருங்கள். த்ரீ பாயின்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டு விழுந்தால் மூன்று புள்ளி (அதுதான் த்ரீ), உள்ளிருந்து என்றால் இரண்டு. 2010-ல் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா அந்தக் கோட்டை ரிங்கிலிருந்து 6.25 மீட்டரில் இருந்ததை 6.75-க்குத் தள்ளிவிட்டது, அதற்கு முன் பெயின்ட் அடித்த கோர்ட்டில் பழைய கோடே இருக்கலாம். எங்கள் மைதானத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே சரளமாக விழுந்த பந்து வெளியூர் மேட்சில் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பியது, பிள்ளைகள் பயந்துவிட்டார்கள் என்று நினைத்து அவர்களைத்தான் திட்டினோம், உண்மையில் எங்கள் கோடுதான் ரிங்குக்கு அரை மீட்டர் கிட்டே இருந்தது.

அளப்பது சுலபம். ரிங்கின் மேல் குறுக்காக ஒரு குச்சியை வைத்து, அதன் நடுவில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கல் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அது ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான பேஸ்லைனின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து டேப்பை 6.75-க்கு இழுத்துப் பிடித்து வளைத்துக்கொண்டே வாருங்கள். கார்னரில் மட்டும் வளைவு கிடையாது, சைடுலைனிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நேர்கோடாகப் போகும், அங்கே ரிங்குக்கு தூரம் 6.60 மீட்டர்தான்.

அடுத்தது கணக்கு. 100 முறை உள்ளிருந்து போட்டு 40 விழுந்தால் 80 புள்ளி. வெளியிலிருந்து 100 போட்டு 27 விழுந்தாலே 81. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் டீம்கள் மிட் ரேஞ்ச் ஷாட்டை, அதாவது ரிங்கிலிருந்து தள்ளி, ஆனால் கோட்டுக்கு உள்ளே நின்று போடுவதைக் குறைத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 1979-80-ல் அங்கே கோடு வந்தபோது ஒரு டீம் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று த்ரீ கூட முயலவில்லை, 2024-ல் கோப்பை வென்ற போஸ்டன் டீம் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 42-க்கு மேல் முயன்றது. அதற்காக ரிங்குக்குக் கீழே கிடைக்கும் லே-அப்பை (ரிங்குக்கு மிக அருகில் போய்ப் பந்தை உள்ளே போடுவது) யாரும் விட்டுவிடவில்லை, நீங்களும் விடாதீர்கள். ஒரு நோட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மேட்சில் எத்தனை போட்டார்கள், எத்தனை விழுந்தது என்று எழுதி வையுங்கள். பயிற்சியில் ஆளில்லாமல் நின்று போட்டதை அதில் சேர்க்காதீர்கள்.

என்பிஏ வீரர் ஸ்டீபன் கரி ஒரே சீசனில் 402 த்ரீயை விழ வைத்தவர், அவரைப் பார்த்துவிட்டு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வந்து தூரத்திலிருந்து எறிகிற பிள்ளை எல்லா டீமிலும் இருக்கும். அவரைப் போல் அது விழ பல வருடப் பயிற்சி வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டியது பாஸ். இரண்டு பேரை இரண்டு கார்னரில் நிறுத்துங்கள், ஒருவர் நடுவிலிருந்து ரிங்கை நோக்கி உள்ளே பாயட்டும், அவரை மறிக்க எந்தப் பக்கத்து ஆள் உள்ளே நகர்கிறாரோ அந்தக் கார்னருக்குப் பந்து போக வேண்டும். வாங்குகிறவருக்கு, பந்து கைக்கு வரும் முன்பே முழங்கால் மடங்கி, பாதம் ரிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். வாங்கிய பிறகு காலைச் சரிசெய்தால் அதற்குள் டிஃபன்ஸ் வந்துவிடும். தோளால் தள்ளி எறிகிற சின்னப் பிள்ளைகளை இரண்டு அடி முன்னால் கொண்டுவந்து, காலின் பலத்தில் எழும்பிப் போடச் சொல்லுங்கள், கோடு எங்கும் ஓடிப்போகாது.

தவறிய த்ரீ ரிங்கில் பட்டால் தூரமாகத் துள்ளும். அதனால் எல்லோரும் ரிங்குக்குக் கீழே முட்டிக்கொள்ளாமல் ஒருவர் ரிங்குக்கு எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்க வேண்டும், இன்னொருவர் உடனே பின்னால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் எதிரணிக்கு சும்மா ஒரு லே-அப்.

அப்புறம் ஆடிக்காற்று. திறந்தவெளிக் கோர்ட்டில் உயரமாகப் போகும் பந்தைக் காற்று லேசாக நகர்த்தினாலே போதும், ரிங் தப்பிவிடும். வார்ம்-அப்பில் இரண்டு கார்னரிலிருந்தும் பத்துப் பத்து போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் விழுகிறதோ அன்றைக்கு உங்கள் நல்ல ஷூட்டர் அந்தப் பக்கம்.