புத்தொழில் நிதிப் போட்டியில் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

புத்தொழில்களுக்குத் தொடக்க நிதி தரும் தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டம் போன்ற போட்டி நிதிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள், யோசனையின் புதுமையைவிட அதற்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கிறாரா என்பதையே நடுவர்கள் முதலில் தேடுவார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மாங்கூழ்த் தொழில் என்றால், ஒரு கிலோ கூழுக்கு எத்தனை கிலோ பெங்களூரா இரக மாங்காய் தேவை, கொள்முதல் விலை ஏறினால் இலாபம் எவ்வளவு குறையும், பருவம் முடிந்தபின் இயந்திரங்களுக்கு என்ன வேலை என்று துருவிக் கேட்பார்கள். விற்பனைப் பட்டியல்களையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் காட்டிப் பதில் சொல்பவருக்கே மதிப்பெண் கூடும். சந்தையின் மொத்த அளவைக் கோடிகளில் சொல்வது பெரிதாக உதவாது. குழுவில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். கேட்கும் தொகையை, பலர் சறுக்கும் இடம் இதுதான் என்பதால், செலவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் எட்டப்போகும் இலக்கோடு இணைத்துக் காட்டுங்கள்.