லாட்ஜுக்கு எக்ஸ்டென்ஷன் நம்பர் போடும்போது 1-ஐ காலியா விடுங்க

குத்தாலம், தென்காசி பக்கம் லாட்ஜு கட்டுத அண்ணாச்சிமாருக்கும் அங்க ரூம் போனையெல்லாம் இணைக்குத போன் பாக்ஸ் (EPABX) மாட்டுத தம்பிமாருக்கும் இத எழுதுதேன். ரூம் நம்பரையே எக்ஸ்டென்ஷனா, அதாவது ரூம் போனோட உள் நம்பரா, வச்சிட்டா வேலை முடிஞ்சிதுன்னு நிறைய பேரு நினைக்காங்க, முதல் மாடில 101-ல இருந்து 112 வரைக்கும் கதவுல பெயிண்ட் அடிச்சாச்சு, போன்லயும் அதே நம்பர். ஆனா 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 எல்லா அவசரத்துக்கும்.

ஒரு சீசன்ல நடந்தது இது. ராத்திரி ரெண்டு மணிக்கு வயசானவரு ஒருத்தருக்கு நெஞ்சுவலி, அவரு மக ரூம் போன்ல 108 போட்டிருக்கு, மணி அடிச்சது அதே வராண்டால 108-ம் நம்பர் ரூம்ல. தூக்கக் கலக்கத்துல எடுத்தவரு யாரு வேணும்னு கேக்காரு, இந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே லாட்ஜு பேரச் சொல்லுது. அவருக்கு விஷயம் புரிஞ்சு கீழ ஓடி ரிசப்ஷன எழுப்பி, கார்ல தென்காசிக்கு கொண்டு போயி, நல்லவேளை பெரியவரு பிழைச்சுட்டாரு. மறுநாள் காலைல என்னைய கூப்பிட்டாங்க.

கதவுல இருக்க நம்பர மாத்த வேண்டாம், முன்னால ஒரு 3 சேத்தா போதும். 101-ம் ரூமுக்கு 3101, தரைத்தளம் 001-க்கு 3001. பக்கத்து ரூம கூப்பிட 3 போட்டு ரூம் நம்பர், யாருக்கும் விளங்கும். பாக்ஸ்ல ஒவ்வொரு போன் வயரும் மாட்டுத போர்ட் வரிசைப்படி நம்பர் கொடுக்காதீங்க, பின்னால ரெண்டு ரூம் சேத்து கட்டினா எல்லாம் குழம்பிரும்.

மிச்சத்த முதல் எண்ண வச்சு பிரிச்சுக்கிடுங்க. 0 வெளி லைனுக்கு, 9 ரிசப்ஷன், 7 ரூம் சர்வீஸ், சமையக்கட்டு மோட்டார் ரூம் எல்லாம் 41, 42னு போகட்டும், 2-ம் 5-ம் நாளைக்கு கட்டப்போற பிளாக்குக்கு. 9 ரிசப்ஷன்னா 91னு இன்னொன்னு வைக்கவே கூடாது, அடுத்த எண் வருதான்னு பாக்ஸ் காத்துக் கெடக்கும், கெஸ்ட் போன் கெட்டுப்போச்சுன்னு வச்சிருவாரு. 1 அவசரத்துக்கு மட்டும்தான்: 108, 112, 101, 100 நாலும் 0 போடாமலும் வெளிய போகணும், 0 போட்டாலும் போகணும், வெளி கால் பூட்டி வச்சிருக்க ரூம்ல இருந்தும் போகணும். பாக்ஸ்ல எமர்ஜென்சி நம்பர் டேபிள் இருக்கும், அதுல ஏத்துங்க.

இன்னொன்னு, 2021 ஜனவரி 15-ல இருந்து லேண்ட்லைன்ல மொபைலுக்கு அடிக்க முன்னால 0 வேணும். கெஸ்ட் போடுத 0-வ பாக்ஸ் வெளி லைனுக்குன்னு எடுத்துக்கிடும், மொபைல் நம்பர் மொட்டையா போயி கால் விழாது. ஒண்ணு பாக்ஸே 0 சேக்குத மாதிரி செட் பண்ணணும், இல்லன்னா ரெண்டு 0 போடுங்கன்னு கார்டுல அடிக்கணும்.

கரண்ட் போனா பாக்ஸ் நேரா வெளி லைன கொடுக்குத போர்ட் ஒண்ணு இருந்தா அதுல ரிசப்ஷன் போன மாட்டுங்க, சாரல் நேரத்துல கரண்ட் எப்ப போகும்னு உங்களுக்கே தெரியும்.

கடைசியா ரூம் ரூமா ஏறி 108 போட்டு வெளி லைன் பிடிக்குதான்னு பாருங்க, பிடிச்ச உடனே வச்சிருங்க, ஆம்புலன்ஸ்காரங்களுக்கு மணி அடிக்க விடாதீங்க. போன்ல ஒட்டுத கார்டுல 108-அ மேல பெரிசா போட்டு லேமினேட் பண்ணிருங்க, குத்தாலத்து ஈரத்துக்கு வெறுந்தாளு ஒரு சீசன் தாங்காது.